அன்னையின் அன்னை

உலகமெல்லாம் போற்றும் அன்னை தெரேசாவை அறியாதவர் நம் பள்ளியில் எவரும் இரார். நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலையைக் கண்டாலே ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் அவர் பெயரைச் சொல்லிவிடும். ஆனால் அந்த அன்னையைப் பெற்ற அன்னை யார்? அவர் எப்படி வாழ்ந்தார், எப்படி இறந்தார்? சென்ற ஆண்டு நவம்பர் மாதம் வரை எனக்கும் அது தெரியாது. அந்த மாதத்தில்தான் என் தாய் இறைவனடி சேர்ந்தார். அதன்பின் நான் விடுதிக்குத் திரும்பிய முதல் வாரத்தில், விடுதிச் சகோதரி அவர்கள் நூலகத்திலிருந்து அன்னை தெரேசாவின் வாழ்க்கை வரலாற்றை எடுத்துவந்து என் கையில் கொடுத்து, "அவர்களைப் பற்றிப் படிப்பதற்காக அல்ல, அவர்களுடைய அம்மாவைப் பற்றிப் படி" என்றார்கள். படித்தேன். அந்தத் தாயைப் பற்றியும், அவர் வழியாக நான் புரிந்துகொண்ட என் தாயைப் பற்றியும் எழுத விரும்புகிறேன்.

அந்தத் தாயின் பெயர் திரானாஃபிலே. இன்று வட மாசிடோனியா நாட்டின் தலைநகரான ஸ்கோப்யே நகரில் வாழ்ந்த அல்பேனியக் கத்தோலிக்கப் பெண்மணி. அவருக்கு மூன்று மக்கள். மூத்தவள் ஆகா, அடுத்தவன் லாசர், கடைக்குட்டி ஆக்னெஸ். 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் பிறந்த இந்த ஆக்னெஸ்தான் பிற்காலத்தில் அன்னை தெரேசா ஆனார். தந்தை நிக்கோலா வணிகர். வீட்டில் எக்குறையும் இல்லை. ஆனால் 1919-இல் அவர் திடீரென இறந்துபோனார். அப்போது ஆக்னெசுக்கு ஒன்பது வயதுகூட நிறைந்திருக்கவில்லை என்று தோன்றுகிறது. தொழிலில் இருந்த பங்கும் கையைவிட்டுப் போயிற்று. குடியிருந்த வீடு ஒன்றுதான் மிஞ்சியது. திரானாஃபிலே கலங்கி மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. ஊசியும் நூலும் எடுத்தார். திருமண ஆடைகள் தைத்தும், பூவேலை செய்தும், துணி விற்றும் மூன்று மக்களையும் காப்பாற்றினார்.

இதில் வியப்பு என்னவென்றால், வறுமை வந்த பிறகும் அந்த வீட்டுக் கதவு ஏழைகளுக்கு அடைபடவில்லை. சாப்பாட்டு மேசையில் எப்போதும் யாராவது அந்நியர் உட்கார்ந்திருப்பார்களாம். 'இவர்கள் யாரம்மா?' என்று பிள்ளைகள் கேட்டால், சிலர் நமக்கு உறவு, ஆனால் எல்லாருமே நம்மவர்கள்தாம் என்பது அந்தத் தாயின் பதில். குடிப்பழக்கத்தால் சீரழிந்து, உடம்பெல்லாம் புண்ணாகி, சொந்தக் குடும்பத்தாரால் கைவிடப்பட்ட ஃபிலே என்ற ஒரு மூதாட்டி அந்த ஊரில் இருந்தார். திரானாஃபிலே அவர் இருப்பிடத்துக்கே சென்று புண்களைக் கழுவி உணவும் கொடுத்துவந்தார். ஆறு பிள்ளைகளோடு துன்புற்ற ஒரு கைம்பெண்ணுக்கும் உதவினார். அந்தப் பெண் இறந்தபோது பிள்ளைகளைத் தம் வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டார். இத்தனைக்கும் சிறுமி ஆக்னெஸ் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு உடன் சென்றவள். பின்னாளில் கல்கத்தாவின் வீதிகளில் உலகம் கண்ட காட்சியை அவள் முதன்முதலில் கண்டது தன் தாயின் கைகளில்தான்.

வீட்டில் மாலைதோறும் செபமாலை. திரு இருதய ஆலயத்தில் திருப்பலி. ஆண்டுதோறும் லெட்னித்சே என்ற ஊரில் உள்ள மாதா கோயிலுக்குத் திருயாத்திரை. நாம் வேளாங்கண்ணிக்குப் போவதைப் போல. இன்னொரு நிகழ்ச்சியும் எனக்கு மிகவும் பிடித்தது. ஒருநாள் மாலை பிள்ளைகள் மூவரும் வீண் பேச்சுப் பேசிச் சிரித்துக்கொண்டே இருந்தார்களாம். கேட்டுக்கொண்டிருந்த தாய் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் விளக்கை அணைத்துவிட்டார். வெற்றுப் பேச்சுக்கு மின்சாரம் செலவிட முடியாதாம்! 1979-இல் நோபல் அமைதிப் பரிசு பெறச் சென்ற அன்னை தெரேசா, தமக்கு அளிக்கவிருந்த விருந்தை நிறுத்தி அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னார் என்று படித்தபோது, அந்த அணைந்த விளக்குத்தான் என் நினைவுக்கு வந்தது.

இனி என் தாயைப் பற்றிச் சொல்கிறேன். சேர்வராயன் மலையில் ஏற்காட்டை அடுத்த வெள்ளக்கடை எங்கள் ஊர். 1820-களில் சேலத்தில் ஆட்சியராக இருந்த காக்பர்ன் துரை இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்று நாம் படித்திருக்கிறோம். அந்தக் காப்பிதான் எங்கள் குடும்பத்துக்குச் சோறு. என் தந்தை தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களில் ஏறி மிளகு பறிப்பார். நிழல் மரங்களைக் கவாத்து செய்வார். என் தாய் காப்பிப் பழம் பறிப்பவர். காலை நாலரை மணிக்கெல்லாம் எழுந்து, அடுப்பு மூட்டுமுன் நெற்றியில் சிலுவை அடையாளம் இடுவார். பனி விலகுமுன் கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். விடுமுறை நாட்களில் நானும் உடன் போவேன். "சிவந்த பழத்தை மட்டும் பறி கண்ணு, பச்சையில கை வைக்காதே. அதுக்கு இன்னும் நாள் இருக்கு" என்பார். ஒரே கொத்தில் சிவப்பும் பச்சையும் கலந்திருக்கும். பச்சை உதிராமல் பழத்தை மட்டும் எடுப்பது எளிதான வேலையன்று. மாலையில் பழத்தை எடைபோடும்போது அம்மாவின் கூடையில் பச்சைக்காய் ஒன்றுகூட இராது.

அம்மா ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். செபப் புத்தகத்தை விரலால் தொட்டுத் தொட்டுத்தான் வாசிப்பார். ஆனால் செபமாலையின் மறையுண்மைகள் அனைத்தும் மனப்பாடம். வேலைக்களைப்பில் கண் சொருகினாலும் ஐம்பத்து மூன்று மணியும் முடியாமல் பாயை விரிக்கமாட்டார். எங்கள் அடுப்படி மூலையில் ஒரு மண்கலயம் உண்டு. ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து அதில் போடுவார். கத்தோலிக்கக் குடும்பங்களில் பலருக்கும் இந்தப் பிடியரிசி வழக்கம் தெரிந்திருக்கும். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாட்களிலும் அந்தப் பிடி குறைந்ததில்லை. சில நாள் அம்மாவின் தட்டில்தான் குறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்த அரிசி எங்கள் வீட்டுக்கு மேற்புறச் சரிவில் தனியே வாழும் ஒரு மூதாட்டிக்குப் போகும். அவரை எல்லாரும் ஆயா என்றே அழைப்போம். அவர் நம் வேதத்தைச் சேர்ந்தவர் அல்லர். மலைக்கு உரிய பழங்குடியினர். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குத் தடியூன்றியாவது போய்விடுவார். கண்பார்வை மங்கிவிட்டது; பிள்ளைகள் இல்லை. அம்மா அரிசி கொடுப்பதோடு நில்லாமல், தண்ணீர் காயவைத்து அவருக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு வருவார். ஒருமுறை என் தம்பி, "அந்த ஆயா நமக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டான். அம்மா சிறிதும் யோசிக்கவில்லை. "நம்ம ஆயாதான்டா" என்றார். ஸ்கோப்யே நகரத் தாயைப் பற்றிப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ ஒரு நாட்டில் நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த தாயும், வெள்ளக்கடையில் காப்பிப் பழம் பறித்த தாயும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்களே! இருவருக்கும் அதைக் கற்றுக்கொடுத்தவர் ஒருவரே அன்றோ?

ஆக்னெஸ் 18 வயதில் கன்னியர் மடத்தில் சேர விரும்புவதாகச் சொன்னபோது, திரானாஃபிலே தம் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். ஒருநாள் முழுதும் வெளியே வரவில்லை. வெளியே வந்தபோது, ஆண்டவரின் கையில் உன் கையைக் கொடுத்து அவரோடு இறுதிவரை நட என்று மகளுக்கு விடை கொடுத்தார். 1928-ஆம் ஆண்டு செப்டம்பரில் மகள் ஊரைவிட்டுப் புறப்பட்டாள். தாயும் தமக்கையும் சாக்ரெப் நகர் வரை உடன் வந்தார்கள். அக்டோபரில் அந்த ரயில் நிலையத்தில் கையசைத்துப் பிரிந்ததுதான் கடைசி. அயர்லாந்து சென்று, அங்கிருந்து கப்பலேறி, 1929 சனவரி 6-ஆம் நாள் அவர் கல்கத்தா வந்து சேர்ந்தார். தாயும் மகளும் அதன்பின் ஒருவரை ஒருவர் காணவே இல்லை.

கடிதங்கள் மட்டும் வந்தன. கல்கத்தாவில் ஆசிரியைப் பணியில் தாம் மகிழ்ச்சியாக இருப்பதை மகள் எழுதியபோது, தாய் பெருமைப்பட்டு மட்டும் பதில் எழுதவில்லை. நீ இந்தியாவுக்குச் சென்றது ஏழைகளுக்காக என்பதை மறவாதே என்று நினைவூட்டினார். ஃபிலே கிழவியை நினைவிருக்கிறதா என்றும் கேட்டார். புண்களைவிட, சொந்தத்தார் கைவிட்டதுதான் அவளை அதிகம் வருத்துகிறது என்றும் எழுதினார். 1946 செப்டம்பர் 10-ஆம் நாள் டார்ஜிலிங் செல்லும் ரயிலில் ஏழைகளிடம் செல்லும்படி இறைவன் அழைத்ததை உணர்ந்தார் அன்னை தெரேசா. 1948-இல் மடத்தைவிட்டு வீதிக்கு வந்தார். 1950 அக்டோபர் 7-ஆம் நாள் அவருடைய பிறரன்புப் பணியாளர் சபை தொடங்கியது. அந்த அழைப்பு இறைவனுடையது. ஆனால் அதைக் கேட்கும் காதை முன்பே பழக்கி வைத்திருந்தவர் ஒரு தாய் என்று நான் எண்ணுகிறேன்.

என் தாய்க்குச் சிறுவயதில் அடிக்கடி தொண்டை வலியும் காய்ச்சலும் வருமாம். பின் மூட்டுகள் வீங்குமாம். அக்காலத்தில் கைவைத்தியத்தோடு விட்டுவிட்டார்கள். அந்தக் காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கெடுத்துவிடும் என்பதை மருத்துவர் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். தொண்டை வலிதானே என்று எந்தப் பெற்றோரும் அசட்டையாக இருக்க வேண்டாம் என்று இவ்விடத்தில் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு ஆண்டுகளாக அம்மாவுக்கு மேடு ஏறினால் மூச்சு வாங்கும். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே கூடை சுமந்தார்.

சென்ற நவம்பரில், ஓயாத மழைநாளில், மூச்சுத் திணறல் அதிகமாகி அம்மாவைச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். அன்று மாலை அப்பா தொலைபேசியில் சகோதரி அவர்களிடம் செய்தி சொன்னார். நான் புறப்பட ஆயத்தமானேன். ஆனால் மலைப்பாதையில் மண் சரிந்து மரமும் விழுந்துவிட்டது. குப்பனூர் பாதையிலும் அந்த இரவு மழையில் வண்டி போக முடியவில்லை. சகோதரிகளோடு சிற்றாலயத்தில் முழந்தாளிட்டிருந்தேன். விடியுமுன் இரண்டு மணிக்கு அம்மாவின் உயிர் பிரிந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே என் தாய் கண் மூடினார். மேலே நான் விழித்திருந்தேன்.

மறுநாள் பிற்பகல் குப்பனூர் வழியாக அம்மாவைக் கொண்டுவந்தார்கள். பங்குத் தந்தை வந்து செபித்தார். மழை விட்டிருந்த நேரத்தில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். ஆயா தடியை ஊன்றிக்கொண்டு ஈர மண்ணில் வந்து, தடவித் தடவி ஒரு பிடி மண் எடுத்துப் போட்டார்.

என்னை அதிகமாக வருத்தியது ஒன்றுதான். கடைசி நேரத்தில் நான் அம்மாவின் கையைப் பிடித்திருக்கவில்லை. அம்மா எனக்கென்று ஏதாவது சொல்ல நினைத்திருப்பாரோ, கேட்க நான் இல்லாமல் போனேனே என்ற எண்ணம் இரவெல்லாம் வாட்டியது. பல நாள் கழித்து அப்பாவிடம், "அம்மா கடைசியா என்னப்பா சொன்னாங்க?" என்று கேட்டேன். அப்பா சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "கலயத்துல அரிசி இருக்குது, ஞாயித்துக்கிழமை ஆயாவுக்குக் கொடுக்க மறந்துடாதீங்கன்னா. அப்புறம் பேசல, கண்ணு."

அதைக் கேட்டு முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. என் பெயரைச் சொல்லவில்லையே என்று அழுதேன். அந்த நிலையில்தான் திரானாஃபிலேயின் இறுதி நாட்களைப் படித்தேன். அவர் மூத்த மகளோடு அல்பேனியாவின் தலைநகர் திரானாவில் வாழ்ந்துவந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டின் எல்லைகள் இறுக மூடப்பட்டன. 1967-இல் சமய வழிபாடே தடை செய்யப்பட்டது, கோயில்கள் அடைக்கப்பட்டன. இறக்குமுன் கடைசி மகளை ஒருமுறை காண வேண்டும் என்பதே அத்தாயின் ஆசை. இத்தாலியில் இருந்த மகன் லாசரும், அன்னை தெரேசாவும் எவ்வளவோ முயன்றார்கள். தாய் வெளியே வர அனுமதி கிடைக்கவில்லை. மகள் உள்ளே சென்றால் திரும்பி வரமுடியும் என்ற உறுதியும் இல்லை. சென்றுவிட்டால் இங்கே அவரை நம்பியிருந்த அநாதைகளும் நோயாளிகளும் என்ன ஆவார்கள்? அன்னை போகவில்லை. 1972 சூலை மாதத்தில் திரானாஃபிலே இறந்தார். மகளைப் பிரிந்து ஏறத்தாழ 44 ஆண்டுகள். அடுத்த ஆண்டே தமக்கை ஆகாவும் இறந்தார்.

உலகத்தில் எத்தனையோ பேரின் மரணப்படுக்கையருகே அமர்ந்து கையைப் பிடித்திருந்தவர் அன்னை தெரேசா. தம் சொந்தத் தாயின் கையைப் பிடிக்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. தாய் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதைக் கடைசி நிமிடம் வரை சேமித்து வைப்பதில்லை. தினமும் உலையில் அரிசி போடும்போதே சொல்லிவிடுகிறாள். ஃபிலே கிழவியைப் பற்றி எழுதிய கடிதத்தில் ஒரு தாய் மகளுக்குச் சொல்லவேண்டிய அனைத்தும் இருந்தது. கலயத்து அரிசியைப் பற்றிய சொல்லிலும் எனக்கு உரிய அனைத்தும் இருந்தது. அம்மா என்னை மறந்து ஆயாவை நினைக்கவில்லை. ஆயாவை என்னிடம் ஒப்படைத்தார்.

அம்மா போன பிறகு உறவினர் சிலர், "பெண் பிள்ளைதானே, வீட்டில் நிறுத்து, தம்பிக்குச் சோறு பொங்கட்டும்" என்று அப்பாவிடம் சொன்னார்கள். அப்பா குனிந்த தலை நிமிராமல், "அவ அம்மா பறிச்ச ஒவ்வொரு கூடையும் இந்தப் படிப்புக்குத்தான். நான் பொங்கிக்கிறேன்" என்றார். அன்றிலிருந்து அப்பாவே சமைக்கிறார். முதல் நாள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துக் கலயத்தில் போட்டாராம், தம்பி சொன்னான். நான் விடுப்புக்குப் போகும் ஞாயிறுகளில் அரிசியை நான் கொண்டுபோகிறேன்; மற்ற ஞாயிறுகளில் தம்பி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பா வேலை முடிந்து வர இருட்டிவிடும். தம்பி ஒன்பது வயதுப் பிள்ளை. தனியே இருக்கப் பயப்படுவான். இப்போது தினமும் மாலையில் ஆயா சரிவில் இறங்கிவந்து எங்கள் வாசல் திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறார். கண் தெரியாதவர் என்ன காவல் காப்பார் என்று சிலர் கேட்கிறார்கள். தம்பி செபமாலை சொல்லும்போது ஆயா வாய்திறவாமல் கேட்டுக்கொண்டிருப்பார். அவன் ஒரு மணியைத் தாண்டிவிட்டால், "அங்க ஒண்ணு விட்டுட்டியே சாமி" என்பார். அம்மா சொல்லக் கேட்டுக் கேட்டு அவருக்குக் கணக்குப் பழகிப்போயிற்று.

1989 ஆகஸ்டில், 79 வயதை நெருங்கிய நிலையில், அன்னை தெரேசாவுக்கு அல்பேனியாவுக்குள் செல்ல முதன்முறையாக அனுமதி கிடைத்தது. தாய் இறந்து 17 ஆண்டுகளுக்குப் பின், தாயின் கல்லறையிலும் தமக்கையின் கல்லறையிலும் மலர் வைத்துச் செபித்தார். 1991-இல் அந்நாட்டிலேயே அவருடைய சபையின் இல்லமும் திறக்கப்பட்டது. 2016 செப்டம்பர் 4-ஆம் நாள் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. திரானாஃபிலேயின் பெயரில் பீடம் எதுவும் இல்லை. என் தாயின் பெயரும் ஒரு சிறிய மரச்சிலுவையில்தான் இருக்கிறது.

அருமைத் தோழியரே! தாய் உயிரோடிருக்கும் பேறு பெற்றவர்கள் நீங்கள். அவர் அடுப்படியில் என்ன செய்கிறார், வாசலில் வந்து நிற்பவரிடம் என்ன பேசுகிறார், யாரை 'நம்மவர்' என்று சொல்கிறார் என்று இன்றே கவனித்துப் பாருங்கள். அதுவே அவர் உங்களுக்கு எழுதிவைக்கும் உயில். என் தாய் எனக்கு எழுதிய உயில் ஒரு மண்கலயத்தில் இருக்கிறது. அது வற்றாமல் பார்த்துக்கொள்ள எனக்கு அருள் தருமாறு, பிள்ளையின் பாடுகளைச் சிலுவையடியில் நின்று கண்ட தேவதாயை வேண்டுகிறேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி, வெள்ளக்கடை